வாளுக்கு எந்த எண்ணெய்

கோலாலம்பூர்,
சயரோக வார்டு,
7-4-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கட்டில் ஜன்னல் ஓரமாகக் கிடைத்திருக்கிறது. ஊசி, மாத்திரை, படுக்கை, மறுபடி ஊசி. இருமல் அப்படியேதான் இருக்கிறது. மருந்து சில மாதம் போகட்டும், பிறகு நுரையீரலில் ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நீ கிளம்பி வரவேண்டாம். இங்கே எல்லாரும் இருமுகிறவர்கள். பஸ் கம்பெனிப் பட்டறையில் என் வேலையைத் தியாகு பார்த்துக்கொள்கிறான்.

புறப்படுகிற அவசரத்தில் ஒரு காரியம் மறந்துவிட்டது. அலமாரி மேல்தட்டில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருக்கிற ஜப்பான் வாள். கடைசியாக எண்ணெய் போட்டது தைப்பூசத்துக்கு முன்னால். உடம்பு முடியாமல் போனதில் பிறகு தொடவில்லை. மழைக்காலம் வருகிறது. கடல் காற்றும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு தாங்காது.

நீ செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உறையிலிருந்து உருவும்போது கூர்ப்பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும். பழைய எண்ணெயை மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் புது எண்ணெயை லேசாகப் பூசி உறையில் போட்டு வை. விரலால் தொடாதே.

சயாமிலிருந்து நான் கொண்டுவந்த அந்தப் பொருள் உனக்குப் பிடிக்காது என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன்.

நல்லையா


காஜா பேராங், மலாக்கா,
16-4-1957

அத்தான் அவர்களுக்கு,

சித்திரை முதல் நாள் தனியாகக் கழிந்தது. பாயசம் வைத்து, பக்கத்து வீட்டுப் பொன்னம்மா அக்காவுக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் தையல் வேலை இருக்கிறது. வயிற்றுப்பாட்டுக்குக் கவலை இல்லை.

உங்கள் கடிதத்தில் உங்கள் உடம்பைப் பற்றி எழுதியதைவிட வாளைப் பற்றி எழுதியது அதிகம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க மறந்துவிட்டீர்கள். அது இருக்கட்டும்.

எண்ணெய் போட்டுவிட்டேன். எந்த எண்ணெய் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இருந்த நல்லெண்ணெய் தலை முழுக்குக்கு ஆகிவிட்டது. அதனால் தேங்காய் எண்ணெய் ஊற்றித் தாராளமாகவே தடவினேன். தலைக்கு நல்லது இரும்புக்கும் நல்லதாகத்தானே இருக்கும்.

அதைத் தொட்டது இதுதான் முதல் தடவை. இந்தப் பதினொரு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் வாயில் ஒரு காகிதத்தைக் கவ்விக்கொண்டு, மடியில் அதை வைத்துத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறேன். மூச்சுக் காற்றும் எச்சிலும் படக்கூடாது என்று ஒரு தடவை சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாயில் காகிதம் இருக்கும். மற்ற நாளில் காகிதம் இல்லாமலே அப்படித்தான் இருப்பீர்கள்.

ரயில் பாதை போட என்று உங்களையும் என் தம்பி சுப்பையனையும் ஜப்பான்காரர்கள் ஒரே லோரியில் ஏற்றி சயாமுக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் வந்தீர்கள். அந்த வாள் வந்தது. அவன் வரவில்லை. கேட்டதற்கு, "காலரா" என்று ஒரு வார்த்தை சொன்னீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இன்றுவரை இல்லை. அந்த வாளை எனக்கு ஏன் பிடிக்காது என்று இனி உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

கோகிலா


கோலாலம்பூர்,
19-4-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

கடிதம் கண்டேன். தேங்காய் எண்ணெயை உடனே எடுத்துவிடு. இதைப் படித்த கையோடு செய்.

சாப்பிடுகிற எண்ணெய் எல்லாம் நாள்பட்டால் சிக்கடிக்கும். சிக்கடித்த எண்ணெயில் புளிப்பு ஏறும், பிசின் மாதிரி ஒட்டும். நல்லெண்ணெயும் அப்படித்தான். இரும்பைக் காப்பாற்றப் போட்ட எண்ணெயே இரும்பை அரிக்கும். கெடாத எண்ணெய் வேண்டும், அதுவும் தண்ணீர் மாதிரி மெல்லியதாக வேண்டும். பட்டறையில் கியருக்குப் போடுகிற எண்ணெய் கெட்டி, அது ஆகாது. உன் தையல் மிஷினுக்குப் போடுகிறாயே, அந்த எண்ணெய் சரி. நான் போட்டதும் அதுதான்.

பலமுறை துவைத்து மெத்தென்று ஆன வேட்டித் துணியை எடு. அதில் மணல் துகள் ஒன்றுகூட இருக்கக்கூடாது. வாளின் முதுகுப் பக்கமிருந்து துணியை மடித்துப் பிடித்து, பிடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். திருப்பி இழுக்காதே. கை அறுந்துபோகும். தேங்காய் எண்ணெய் முழுவதும் போன பிறகு வேறு துணியில் மிஷின் எண்ணெய் சில சொட்டு விட்டு அதேபோல ஒரு இழுப்பு. கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அவ்வளவுதான் படிய வேண்டும். வழிகிற அளவு போட்டால் உறைக்குள் இறங்கி மரம் ஊறிவிடும்.

நீ எப்படி இருக்கிறாய்?

நல்லையா


காஜா பேராங்,
2-5-1957

அத்தான் அவர்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கடைசி வரியில் கேட்டாலும் கேட்டீர்களே.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். ஆனால் துடைத்தபோது நுனிக்குக் கொஞ்சம் கீழே பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கட்டைவிரல் ரேகை. போன மாதம் தேங்காய் எண்ணெய் தடவியபோது தொட்டிருக்கிறேன். ரேகை ஒவ்வொரு கோடாகத் துருவில் எழுந்து நின்றது. யாரோ என்னைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருந்தது.

குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்த்தேன். கறை போய்விட்டது. ஆனால் அந்த இடம் பளபளப்பு இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. திட்டுவதானால் திட்டுங்கள்.

கேட்க நினைத்ததை இப்போது கேட்டுவிடுகிறேன். நேரில் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். வார்டில் எங்கே போவீர்கள்?

இந்த வாள் என் தம்பியின் கழுத்தில் விழுந்த வாளா? அதற்காகத்தான் வைத்திருக்கிறீர்களா? இத்தனை வருஷமும் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓடிப்போகப் பார்த்தவர்களை அப்படிச் செய்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். சுப்பையன் ஒரு இடத்தில் உட்காருகிறவன் இல்லை. நீங்கள் காலரா என்று சொன்னது என்னைத் தேற்றுவதற்காக என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் துடைக்கும்போது எதைத் துடைக்கிறீர்கள் என்று நினைத்து எத்தனையோ நாள் சோறு இறங்கவில்லை.

ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன்.

கோகிலா


கோலாலம்பூர்,
8-5-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

இல்லை. அந்த வாள் சுப்பையன் மேல் படவில்லை. அவன் காலராவில்தான் போனான். நீ இப்படி நினைத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புளி இரும்பைத் தின்னும். ஆனது ஆகட்டும். அந்த இடத்தை மறுபடி தேய்த்துவிடாதே. சாம்பல் வேண்டாம், செங்கல் பொடி வேண்டாம். மங்கினது மங்கினதாகவே இருக்கட்டும். மேலே எண்ணெய் மட்டும் போதும்.

முடிந்தால் ஒன்று செய். ஜப்பான்காரன் போடுகிற எண்ணெயில் கிராம்பு வாசனை வரும். கபீர் பாய் கடையில் கிராம்புத் தைலம் கிடைக்கும். மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு கலக்கலாமா என்று அவரிடம் கேட்டுப் பார். நான் இதுவரை கேட்டதில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆபரேஷன் உண்டு என்கிறார்கள். ஜூலையிலோ ஆகஸ்டிலோ.

நல்லையா


காஜா பேராங்,
20-6-1957

அத்தான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். அந்த வாள் அவனைத் தொடவில்லை என்று படித்ததும் தையலை அப்படியே போட்டுவிட்டு அழுதேன். அதுவும் ஒரு நிம்மதிதான்.

பிள்ளையார் கோயிலுக்குப் போனபோது அப்படியே கபீர் பாய் கடைக்கும் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கிராம்புத் தைலம் பல்வலிக்குத்தான் தங்கச்சி. இரும்புக்கு அது மணம் மட்டும்தான் குடுக்கும், காவல் குடுக்காது. கூடப் போட்டீங்கன்னா கறை கட்டும். மிஷின் எண்ணெய் போதும்."

"அவருக்கு அந்த வாசனை வேணுமாம் பாய்."

"அப்ப அது வாளுக்கு இல்ல, அவருக்கு" என்றார். ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். "ஊசி முனையில தொட்டுக் கலந்துக்குங்க. நல்லையா அண்ணன் சயாம்ல மண்ணு வெட்டப் போனவருல்ல? ஜப்பான்காரன் எண்ணெயோட வாசனை அவருக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது. மண் சுமந்தேன், கல் உடைத்தேன் என்றுதான் சொன்னீர்கள். மண் சுமக்கிறவனுக்கு வாயில் காகிதம் கவ்வ யார் கற்றுக்கொடுத்தது? கூர்ப்பக்கத்தை மேலே வைத்து உருவ யார் சொல்லிக்கொடுத்தது?

குப்பி அலமாரியில் இருக்கிறது. வாளும் அங்கேயே இருக்கிறது. நீங்கள் எனக்கு முழுதாகச் சொல்கிறவரை அதை நான் தொடப்போவதில்லை. துருப் பிடித்தால் பிடிக்கட்டும். ஆபரேஷனுக்குப் போகிறவரிடம் இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் போகிறீர்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

கோகிலா


கோலாலம்பூர்,
4-7-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

எழுதிவிடுகிறேன்.

சுப்பையன் பண்டார் ஹிலிரில் கடிகாரக் கடையில் வேலை பார்த்தவன் இல்லையா. அந்த விரல்களுக்குத்தான் அங்கே வேலை கிடைத்தது. எங்கள் முகாமில் பாலம் கட்டுகிற இஞ்சினியர் ஒரு ஜப்பான்காரன் இருந்தான். வலது கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தான். தன் வாளைத் தானே துடைக்க முடியாமல், நிதானமான கை உள்ள ஒருவனைத் தேடினான். வரிசையில் நின்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்து சுப்பையனை எடுத்துக்கொண்டான். காகிதம் கவ்வுவது, கூர்ப்பக்கத்தை மேலே வைத்து உருவுவது எல்லாம் அவன் சுப்பையனுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது. வாள் துடைப்பதோடு கொட்டகையைப் பெருக்குவது, துணி துவைப்பது, தண்ணீர் சுமப்பது எல்லாம் உண்டு. கஷ்டம்தான். ஆனால் கூரைக்குக் கீழே வேலை. சட்டியில் மிஞ்சின சோறு கிடைக்கும். சுப்பையன் அதைத் துணியில் கட்டி எனக்குக் கொண்டுவருவான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் கையில் அந்த எண்ணெயின் கிராம்பு வாசனை மணக்கும்.

நான் வெட்டுக்குழியில் இருந்தேன். மழையில் காலில் புண் வைத்து எலும்பு தெரிந்தது. அந்தச் சமயத்தில் மேலே இன்னொரு முகாமுக்கு ஆள் வேண்டும் என்று லோரி வந்தது. பெயர் வாசித்தார்கள். என் பெயர் இருந்தது. சுப்பையன் பெயர் இல்லை.

அவன் இஞ்சினியரிடம் ஓடினான். அரைகுறை ஜப்பான் பாஷையில் ஏதோ பேசினான். திரும்பி வந்து என்னிடம் சொன்னான்.

"மச்சான், உங்களுக்கு எண்ணெய் வேலை தெரியும், என்னையவிட நல்லாத் தெரியும்னு சொல்லிட்டேன். நீங்க இங்க இருங்க. நான் போறேன்."

வேண்டாம் என்றேன். இரண்டு பேரும் எப்படியாவது இங்கேயே இருக்கப் பார்க்கலாம் என்றேன்.

"லோரிக்குத் தலை எண்ணிக்கைதான் வேணும். இந்தக் காலோட நீங்க ஏறினா பாதி வழியிலேயே எறக்கிப் போட்டுருவாங்க. எனக்குக் காலு நல்லா இருக்கு. போயிட்டு வந்துருவேன். அக்கா கேட்டா, நானாத்தான் போனேன்னு சொல்லுங்க."

லோரி போய்விட்டது. நான் கொட்டகையில் உட்கார்ந்து வாள் துடைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது. அவன் துடைத்ததைப் பார்த்திருந்ததுதான். புண் ஆறியது.

மேல் முகாமில் காலரா புகுந்தது. அங்கேயிருந்து பிழைத்துத் திரும்பின ஒரு தோட்டத்து ஆள் சொல்லித்தான் தெரியும். ஆடி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் விடியும்போது சுப்பையன் போய்விட்டான். ஒரே ராத்திரிதான் கஷ்டப்பட்டானாம். அன்றைக்குப் போனவர்களோடு சேர்த்து எரித்துவிட்டார்கள்.

சண்டை முடிந்ததும் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். இஞ்சினியர் தன் வாளை ஒப்படைக்காமல் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஆற்றங்கரையில் புதைத்தான். அவர்கள் போன பிறகு தோண்டி எடுத்துப் பாயில் சுருட்டிக் கொண்டுவந்தேன். அது ஜப்பான்காரன் பொருள் என்று எனக்குத் தோன்றவில்லை. சுப்பையன் கை பட்ட பொருள் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் வந்து கதவைத் தட்டினேன். நீ திறந்தாய். என்னைப் பார்த்தாய், உடனே என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாய். அந்தப் பார்வைக்கு முன்னால், அவன் எனக்குப் பதிலாகப் போனான் என்று எப்படிச் சொல்வேன்? அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்ல முடியவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

நல்லையா


கோலாலம்பூர்,
21-7-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

பதில் இல்லை. எதிர்பார்த்ததுதான். அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள்.

வாளை என்ன வேண்டுமானாலும் செய். கடலில் போட்டாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் போதும். திட்டியே எழுது.

நல்லையா


காஜா பேராங்,
31-7-1957

அத்தான்,

நீங்கள் சொல்வதற்கு முன்பே கடலில் போடத்தான் போனேன்.

உங்கள் பெரிய கடிதம் வந்த வாரம், வாளைப் பாயில் சுருட்டிக்கொண்டு ரிக்‌ஷா பிடித்துக் கிளேபாங் கடற்கரைக்குப் போனேன். தண்ணீர் வற்றிக் கடல் வெகுதூரம் உள்ளே போயிருந்தது. முன்னால் முழங்கால் வரை சேறு. எறிந்தால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும். பாயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெண் ஒருத்தி, "சாரி ஆப்பா, காக்?" என்றாள். என்ன தேடுகிறாய் அக்கா என்று கேட்கிறாள். தம்பியை என்று சொல்ல எனக்கு மலாய் தெரியாமல் இல்லை. அதே ரிக்‌ஷாவில் திரும்பி வந்துவிட்டேன்.

அவன் உங்களுக்குப் பதிலாகப் போனதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சின்ன வயதிலும் அவன் அப்படித்தான். தீபாவளிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு வருவான். யாரையும் கேட்கமாட்டான். நீங்கள் தடுத்திருந்தாலும் போயிருப்பான். அதை உங்கள் கடன் என்று நீங்களாகத் தலையில் ஏற்றிக்கொண்டீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இறக்கி வைத்திருப்பேன்.

என் கோபம் வேறு. அவன் எந்த நாளில் போனான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. திதி தெரியாமல், எந்த நாளில் படையல் வைப்பது என்று தெரியாமல், ஒவ்வொரு அமாவாசையும் உத்தேசமாக ஒரு விளக்கு ஏற்றினேன். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்கள். "அக்கா கேட்டா சொல்லுங்க" என்று அவன் சொல்லியனுப்பியதும் உங்களிடமே நின்றுவிட்டது. அது எனக்கு வரவேண்டிய பேச்சு. அதை உங்களால் திருப்பித் தர முடியாது. தரவும் வேண்டாம். ஆனால் நான் மறக்க நாளாகும்.

கதவைத் திறந்ததும் உங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். உண்மைதான். இரண்டு பேர் போனார்கள், இரண்டு பேரையும் தேடினேன். முதலில் உங்களைத்தான் பார்த்தேன், அத்தான். ஒருவராவது வந்தாரே என்று நினைத்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது உங்கள் கண்ணில் படவில்லை.

நேற்று முன்தினம் அவன் திதி. அவனுக்குப் பிடித்த திருக்கை மீனில் அசம் பெடாஸ் புளிக்குழம்பு வைத்தேன். முட்டை, கங்கோங் கீரை, வாழைப்பழம், ஒரு சுருட்டும் கூட. தான் சுருட்டு பிடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டதும் காகம் வந்தது. பொன்னம்மா அக்காவும் கபீர் பாய் வீட்டுக்காரி ரோஷன் பீவியும் வந்து கூட இருந்தார்கள். பெயர் சொல்லி, நாள் சொல்லி, இன்றைக்குத்தான் என்று சொல்லி அழுதேன். அப்படி அழ எனக்கு இதுவரை நாள் இல்லாமல் இருந்தது.

ஆபரேஷனுக்கு மறுநாள் ரயிலேறி வருகிறேன். தொற்று என்று தடுக்காதீர்கள். சாகாதீர்கள். இன்னும் திட்டி முடிக்கவில்லை.

கோகிலா


கோலாலம்பூர்,
3-9-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

இப்போதுதான் உட்கார்ந்து எழுத விடுகிறார்கள். நீ வந்து போனது கனவு மாதிரி இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஏதோ சொன்னாய். ஒன்றும் கேட்கவில்லை. திட்டுகிறாயோ என்று நினைத்தேன். நர்ஸ் கேட்டுச் சொன்னாள், சாப்பிடச் சொல்கிறாய் என்று.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த காலையில் வார்டு நடுவில் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்கள். எழுந்து உட்கார முடிந்தவர்கள் உட்கார்ந்தார்கள். ஸ்டேடியத்தில் கூட்டம் கத்துகிற சத்தம் கேட்டபோது இந்த இருமல் வார்டில் ஒருவர்கூட இருமவில்லை. பக்கத்துக் கட்டில் சீனக் கிழவர் அழுதார். எனக்குச் சுப்பையன் ஞாபகம் வந்தது. பெயர் வாசித்து லோரியில் ஏற்றுகிற காலம் போய்விட்டது என்று அவனிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

வாளைப் பற்றி யோசித்தேன். அது இனி வீட்டில் வேண்டாம். போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடு. இல்லையென்றால் தியாகுவைக் கூப்பிட்டுப் பட்டறை உலையில் போடச் சொல். எனக்கு இனி அதைத் துடைக்க வேண்டிய அவசியம் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

நல்லையா


காஜா பேராங்,
9-9-1957

அத்தான்,

முடியாது. பதினொரு வருஷம் நீங்கள் என்னைக் கேட்காமல் வைத்திருந்தீர்கள். இப்போது நான் உங்களைக் கேட்காமல் வைத்திருக்கிறேன்.

திதி முடிந்த மறுவாரமே எண்ணெய் போட்டுவிட்டேன். கைப்பிடிக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வைத்திருந்தது. தேய்க்கவில்லை, எண்ணெய் மட்டும். கபீர் பாய் சொன்ன மாதிரி ஊசி முனையில் கிராம்புத் தைலம் தொட்டேன். அறை முழுவதும் மணத்தது. இப்போது எனக்குக் கை பழகிவிட்டது. துணி எங்கேயும் நிற்காமல் நுனி வரை போகிறது. இதே இடத்தில்தானே அவன் கையும் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் நினைத்துக்கொண்டதும் இதைத்தான் என்றால், ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.

ஒன்று கேட்கிறேன். அவன் செத்ததைச் சொல்லிவிட்டீர்கள். அங்கே இருந்தவரை எப்படி இருந்தான்? அதைச் சொல்லுங்கள். சிரித்தானா? யாரிடமாவது வம்பு செய்தானா? அழுகிற கதை வேண்டாம். அது என்னிடம் போதுமான அளவு இருக்கிறது.

கோகிலா


கோலாலம்பூர்,
15-9-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

தீபாவளிக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்புவார்களாம். மீதியை நேரில் சொல்கிறேன். இன்றைக்கு ஒன்று.

சுப்பையன் அந்த வேலையில் சேர்ந்த கொஞ்ச நாளில் இஞ்சினியரின் எண்ணெய்ப் போத்தல் காலியாகிவிட்டது. ஜப்பானிலிருந்து வருவதற்கு வழியில்லை. வேறு எண்ணெய் கொண்டுவா, இல்லையென்றால் உதை என்று சொல்லிவிட்டான். சுப்பையன் முதலில் சமையல் கொட்டகையிலிருந்து பன்றிக் கொழுப்பை உருக்கிப் பூசினான். காலையில் பார்த்தால் உறை வாயில் எறும்புச் சாரை. உதை விழுந்தது. அப்புறம் விளக்குக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய். ராத்திரியே காய்ந்துபோய் விடியும்போது லேசாகத் துரு. அதற்கும் உதை.

மூன்றாவது நாள் எங்கேயோ போனான். நிலம் அளக்கிற தூரக்கண்ணாடிக் கருவி இருக்கிறதே, அந்தப் பெட்டிக்குள் அதன் திருகுகளுக்குப் போட ஒரு சின்னப் போத்தல் எண்ணெய் வைத்திருப்பார்கள். கடிகார எண்ணெய் மாதிரியே மெல்லியது. மோந்து பார்த்ததுமே இவனுக்குத் தெரிந்துவிட்டது. பாதியைத் தன் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான். அளக்கிற கருவியும் அந்த இஞ்சினியருடையதுதான். அவன் எண்ணெயை அவனிடமிருந்தே திருடி அவன் வாளுக்கே பூசினான்.

மறுநாள் இஞ்சினியர் வாளை உருவி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு குற்றமும் இல்லை. இது என்ன எண்ணெய், எங்கே கிடைத்தது என்று கேட்டான். சுப்பையன் வாயில் வந்ததைச் சொன்னான்.

"மலாக்கா."

ஜப்பான்காரனுக்கு ல வராது. "மராக்கா" என்று சொல்லித் தலையை ஆட்டிக்கொண்டான். உயர்ந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அன்றுமுதல் அந்த எண்ணெய்க்கு அதுதான் பெயர். பக்கத்து முகாமிலிருந்து வந்த இன்னொரு ஆபீசரிடம் இஞ்சினியர் அதைப் பெருமையாகக் காட்ட, அந்த ஆளும் மராக்கா வேண்டும் என்று கேட்க, சுப்பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கிடைப்பது கஷ்டம் என்று சொல்லி, ஒரு பொட்டலம் சர்க்கரைக்கு மூன்று சொட்டு கொடுத்தான்.

அந்தச் சர்க்கரையை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே என்னிடம் சொன்னான்: "மச்சான், ஊருக்குப் போனதும் பண்டார் ஹிலிர்ல மராக்கா எண்ணெய்க் கடைன்னு போர்டு மாட்டிருவோம். அக்காவைக் கல்லாவுல உக்கார வெச்சிட்டா எவனும் கடன் சொல்ல மாட்டான்."

இதை எழுதும்போது சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்தேன். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போகிறாள்.

நல்லையா